சைபரை நடுவில் வைத்தவள்

நரைக்குச் சாயம் பூசலாமா, இப்படியே விட்டுவிடலாமா என்று கண்ணாடி முன்னால் நின்று யோசிக்கிற வயசுக்கு நாமெல்லாரும் வந்து சேர்ந்துவிட்டோம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் கீழ் லயம், மேல் லயம் என்று அன்றைக்குக் கல்லெறிந்துகொண்டவர்கள் இன்றைக்கு ஒரே கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டுவலித் தைலத்தைப் பற்றிப் பேசுகிறோம். போன மாதம் அப்படி ஒரு பந்தியில் உங்களில் ஒருவன் கேட்டான், "அந்தக் கதவு வெளையாட்டு ஞாபகம் இருக்கா? கடைசிக் கதவுக்குப் பின்னால என்னதான் இருந்துச்சு?" என்று. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது, நீங்கள் எல்லாரும் பாயசத்தின் பக்கம் திரும்பிவிட்டீர்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பாயசம் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. ரஷ்யாக்காரன் டீ குடிப்பதை நிறுத்திவிட்டான் என்று அப்பா சொல்வார், ஏதோ ரஷ்யாக்காரன் நேரில் வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போன மாதிரி. குன்னூர் ஏலத்தில் நம் தோட்டத்துத் தூளைக் கேட்க ஆளில்லை. பேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடாது. ஓடாத நாளில் அந்த வாசனை வராது. வாடின கொழுந்தும் சூடான இரும்பும் கலந்து, தொண்டைக்குள் லேசாக இனிக்குமே, அந்த வாசனை. அது இல்லாத காலைகளில் லயமே காய்ச்சல் வந்து படுத்திருப்பது போல இருக்கும். அருவங்காட்டு வெடிமருந்துப் பேக்டரிச் சங்கு மட்டும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் தவறாமல் ஊதும். வேலையில்லாத ஆம்பிளைகள் பேக்டரிக்குப் பின்னால் சாக்கை விரித்துச் சீட்டாடினார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குக் குன்னூர்ச் சர்ச்சிலிருந்து ஜீப்பில் பொட்டலங்கள் வந்தன. வெளிநாட்டுப் பிள்ளைகள் கொடுத்தனுப்பியவை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று பார்க்காமல் எல்லா லயத்துப் பிள்ளைகளையும் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள். உங்களுக்கெல்லாம் ஸ்வெட்டர் கிடைத்தது, குல்லாய் கிடைத்தது. எனக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. தங்கச்சி என்றால் சித்தி மகள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், பக்கத்து வீடு. பேச்சு குறைவு. எதையாவது உற்றுப் பார்க்க ஆரம்பித்தால் கூப்பிட்டாலும் காதில் விழாது. அவளுக்குக் காது மந்தம் என்று அம்மா ரொம்ப நாள் நம்பி, காதில் சுட வைத்த எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டியைத் திறந்தோம். உள்ளே சீட்டுகள். அதுவரை நாம் பார்த்த சீட்டுகளில் ராஜாவும் ராணியும்தான் இருந்தார்கள். இவற்றிலோ ஒவ்வொன்றிலும் ஒரு மிருகம். உலகத்தில் இல்லாத மிருகம்! முதுகில் பனிமலையைச் சுமந்து நடக்கிற ஒன்று. நெருப்பைக் குடித்துக்கொண்டிருக்கிற ஒன்று. தண்ணீருக்கு அடியில் நிலா வெளிச்சத்தை மேய்கிற மாடு. வாலில் விளக்கு ஏற்றிக்கொண்டு போகிற எலி. வழவழவென்ற காகிதம்; சாய்த்தால் செதில்கள் மினுங்கும். மூக்கில் வைத்தால் நம் ஊரில் எதற்கும் இல்லாத ஒரு வாசனை. நான் ஒவ்வொன்றாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒருத்தர் மனசுக்குள் மிருகங்கள் அலையுமா என்று அன்றைக்கு வந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

விளையாடும் முறையைச் சொல்லும் தாள் இல்லை. பெட்டியின் மேல் இருந்த எழுத்தைச் சர்ச் டீச்சரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இது இங்கிலீஷே இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு படம் இருந்தது. ஒரு கதவுச் சீட்டு, அதற்கு முன்னால் வரிசையாக ஐந்து மிருகங்கள். பெட்டிக்குள்ளும் கதவுச் சீட்டுகள் தனியாக இருந்தன. மரக்கதவு, கல்கதவு, வேர் பின்னின கதவு என்று பல விதம். ஒவ்வொரு கதவிலும் ஒரு எண். ஒவ்வொரு மிருகத்தின் தலைக்கு மேலும் ஒரு எண்.

எண்ணைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? கிலோதான்! மிருகத்தின் எண் அதன் கூடையில் இருக்கிற கொழுந்து, கதவின் எண் மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், காட்ட வேண்டிய எடை. ஐந்து பேரையும் நிறுத்து, கதவு கேட்கிற எடை வந்தால் கதவு திறக்கும். அப்போதுதான் கதவுச் சீட்டைத் திருப்பிப் பின்னால் இருக்கிற படத்தைப் பார்க்கலாம். திறக்காமல் திருப்பினால் கண் அவிந்து போகும். இந்தக் கடைசி விதியைச் சேர்த்தது மேல் லயத்துப் பையன்கள், அவர்களுக்கு எப்போதுமே ஒரு சாபம் வேண்டும். இப்படித்தான் நாம் விளையாடினோம். பெரிய எண் உள்ள மிருகங்களுக்கு அடிதடி நடந்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்தோம். ஒன்றின் பின்னால் கடல் இருந்தது, ஒன்றின் பின்னால் ஆகாயத்தில் மிதக்கிற ஊர். நீங்கள் எல்லாரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தீர்கள்.

கடைசிக் கதவு மட்டும் திறக்கவில்லை. அதில் ஐம்பது என்று போட்டிருந்தது. இருக்கிறதிலேயே பெரிய ஐந்து மிருகங்களை வைத்தாலும் ஐம்பது வரவில்லை. நாலைந்து குறைந்தது. அந்தக் கதவில் கைப்பிடி இல்லை, பூட்டு இல்லை. கறுப்புக் கல், நடுவில் ஒரு மெல்லிய கோடாக வெளிச்சம், அவ்வளவுதான். பெட்டி செய்தவனே திறக்க முடியாத கதவு என்று முடிவு கட்டிவிட்டு நீங்கள் கோலிக்குப் போய்விட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்ன எண் உள்ள சீட்டுகளின் ஓரத்தில் பாதிப் பாதியாக ஏதோ கோடுகள் இருந்தன. சிவப்பில் பாதி, நீலத்தில் பாதி. அப்பா பார்த்துவிட்டு, "வெட்டுறப்ப மெசினு பெசகியிருக்கு. அதான் தானம்னு குடுத்துவிட்டுட்டான் வெள்ளக்காரன்" என்றார். நாங்களும் நம்பினோம். அதனால் மூத்தவள் என்ற முறையில் பெரிய மிருகங்களை எல்லாம் நான் வைத்துக்கொண்டேன். பிசகின சின்னதுகளும் கதவுகளும் தங்கச்சியிடம். அதிலும் ஒரு சீட்டு எதற்கும் உதவாது. ஒரு கூட்டுப்புழு, கூட்டுக்குள் சுருண்டு தூங்குகிறது. அதன் தலைக்கு மேல் சைபர்.

இப்போது சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான், ஆனால் இதை உங்கள் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுவீர்கள் என்று நினைத்து விவரமாகவே எழுதுகிறேன்.

சித்திக்கு இழுப்பு. மழைக் காற்று அடித்தால் நெஞ்சுக்குள் பூனை கத்தும். சித்தப்பா பனியன் கம்பெனிக்கு என்று திருப்பூர் போனவர் போனவர்தான். சித்தியின் கையை நம்பித்தான் அந்த வீடு. நம் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று சொல்வோம். சிலோனிலிருந்து வரும்போதே பெரியவர்கள் கொண்டு வந்த சொல். சொன்ன எடைக்குக் கொழுந்து நிறுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். தேயிலை நன்றாக இருந்த காலத்தில் பழைய சூப்பர்வைசர் தராசையும் பார்ப்பார், முகத்தையும் பார்ப்பார். சித்திக்கு முழுப் பேரே போட்டுவிடுவார். விலை விழுந்ததும் அவரை மாற்றிவிட்டார்கள். புதிதாக ஒருவர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். ஜெர்கின், காதை மூடுகிற குல்லாய், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருக்குத் தராசு மட்டும்தான் கண். கூடவே ஆபீசிலிருந்து ஒரு உத்தரவும் வந்தது. ஒரு மாதம் அரைப் பேராகவே விழுகிறவர்களுக்கு அடுத்த மாதம் பேர் வெட்டு, அதாவது வேலையே கிடையாது. பேர் வெட்டினால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

சித்திக்கு நிரை பார்த்துக் கொடுத்தது நம் பெண்கள்தான். நிரை என்றால் ஒருத்தி கொழுந்து எடுக்கிற செடி வரிசை. "ஏலாதவ, பாவம்" என்று பாதையோரத்து நிரையை அவளுக்கென்றே விட்டு வைத்திருந்தார்கள். நடக்கத் தூரமில்லை, மூச்சு முட்டினால் பாதைக்கல்லில் உட்காரலாம். அந்தப் பக்கம் பாதை, இந்தப் பக்கம் அக்கா, அதாவது என் அம்மா. எவ்வளவு அன்பாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். யாரையும் குறை சொல்ல முடியாது.

நம் லயங்களில் இன்னொரு முறையும் உண்டு. தன் நிரையை முதலில் முடித்தவள் சும்மா நிற்கக் கூடாது. பக்கத்து நிரையின் மறுமுனைக்குப் போய், எதிரே எடுத்துக்கொண்டு வர வேண்டும். அப்படி எடுக்கிற கொழுந்து அந்த நிரைக்காரியின் கூடைக்குத்தான் போகும். பேச்சுவார்த்தை இல்லாதவளாக இருந்தாலும் சரி, முந்தின நாள் குடத்தால் அடித்துக்கொண்டவளாக இருந்தாலும் சரி, இதில் மாற்றம் கிடையாது. எதிர் நிரை எடுக்காமல் உட்கார்ந்தவளைப் பற்றிப் பேரன் காலம் வரை பேசுவார்கள். ஆனால் அம்மாவும் ஒன்றும் புயல் கை இல்லை. அவள் தன் நிரையை முடித்து எதிர் நிரைக்கு வருவதற்குள் மடுவத்தில் தராசுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். கோடை மழை தொடங்கியபோது சித்திக்கு விழுந்ததெல்லாம் அரைப் பேர். மாதம் பாதி கடந்திருந்தது. சித்தி வீட்டில் டிரங்குப் பெட்டியை அட்டாலியிலிருந்து இறக்கித் துடைத்து வைத்ததைப் பார்த்தேன். தங்கச்சியும் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா எங்களைப் பிடித்தாள். அன்று அப்பா பேக்டரிக்குப் பின்னால் சீட்டில் எதையோ தோற்றுவிட்டு வந்திருந்தார். அம்மா அடுப்படியில் கொதித்துக்கொண்டிருந்தாள். நான் போதாத நேரம் பார்த்து வாசற்படியில் மிருகங்களைப் பரப்பி வைத்திருந்தேன்.

"பொம்பளப் புள்ள சீட்டு ஆடுதா? இந்த ஊட்டுல ஒரு சூதாடி பத்தாதா?"

"அம்மா, இது அந்தச் சீட்டு இல்லம்மா, சர்ச்சுல குடுத்ததும்மா..."

"எவன் குடுத்தா என்னடி? சீட்டு சீட்டுதான்!"

என் கையிலிருந்த கட்டு அப்படியே அடுப்புக்குள் போனது. பனிமலை சுமக்கிற மிருகம் ஓரத்திலிருந்து சுருண்டது. நெருப்பைக் குடிக்கிற மிருகத்தை நெருப்பு குடித்தது. பச்சையும் ஊதாவுமாக ஒரு சுடர் எழும்பியது, அது அழகாக வேறு இருந்து தொலைத்தது. நான் தொண்டை கிழிய அழுதேன். என் அம்மா கெட்டவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அவள் அன்றைக்கு எரித்தது அப்பாவின் சீட்டை. அது புரிய எனக்கு ஒரு கல்யாணமும் இரண்டு பிள்ளைகளும் தேவைப்பட்டன.

தங்கச்சியின் பங்கு அவள் பாவாடை மடிப்பில் பத்திரமாக இருந்தது. சின்னதுகள், பிசகினதுகள், சைபர், கதவுகள்.

அடுத்து வந்த வேலையில்லாத நாளில் நாங்கள் இரண்டு பேரும் கொழுந்து மடுவத்துக்குப் போனோம். தராசைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வெறும் கூரை, சிமெண்டுத் தரை, அதில் ஊறின கொழுந்துச் சாறின் கறை. மூன்று பக்கமும் மஞ்சு வந்து அடைத்துக்கொண்டு நின்றது. தங்கச்சி கடைசிக் கதவை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"பெருசெல்லாம் போச்சு. இதுகள வெச்சு என்னடி பண்ணுவ? எந்த அஞ்சக் கூட்டினாலும் இருபது தேறாது" என்றேன்.

சின்ன மிருகங்களை வரிசையாக வைத்தாள், எடுத்தாள், மாற்றி வைத்தாள். காற்று சீட்டுகளைத் தள்ளியது. பறக்காமல் இருக்க ஒன்றோடொன்று நெருக்கி வைத்தாள். விளக்கு வால் எலியின் வலது ஓரமும் கொம்பு வைத்த நத்தையின் இடது ஓரமும் முட்டிக்கொண்டன. அப்போது அது நடந்தது. எலியின் ஓரத்திலிருந்த பாதிச் சிவப்பும் நத்தையின் ஓரத்திலிருந்த பாதிச் சிவப்பும் சேர்ந்து ஒரு முழு வட்டமாகின. வட்டத்துக்குள் ஒரு எண். ஒன்பது!

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தங்கச்சி சீட்டுகளைப் பிரித்தாள். எண் மறைந்தது. சேர்த்தாள். வந்தது. மறுபடி பிரித்தாள், மறுபடி சேர்த்தாள். எலிக்கு இரண்டு, நத்தைக்கு மூன்று. பக்கத்தில் நின்றால் நடுவில் ஒரு ஒன்பது, எங்கிருந்தோ! மெசினு பிசகவே இல்லை. எரிந்து போன பெரிய மிருகங்களை நினைத்துப் பார்த்தேன். அவற்றின் ஓரம் பளிச்சென்று வெறுமையாக இருந்தது. அவை யாரோடும் சேராது. நாம்தான் அவற்றுக்காகச் சட்டையைக் கிழித்துக்கொண்டோம்.

அதன் பிறகு மழை வந்ததும் எங்களுக்குத் தெரியாது. எது எதோடு சேரும், எந்த நிறம் எந்த நிறத்தைத் தேடுகிறது, எதை எங்கே நிறுத்துவது என்று அவள் விரல்கள் ஓடின. நான் கூட்டிக் கூட்டிச் சொன்னேன். இருபத்தெட்டு. முப்பத்தொன்று. முப்பத்தி நாலு. எப்படி மாற்றினாலும் ஐம்பது வரவில்லை. எல்லா வரிசையிலும் ஓர் இடத்தில் சங்கிலி அறுந்தது. இந்தப் பக்கம் நீலம் கேட்கும், அந்தப் பக்கம் மஞ்சள் கேட்கும், இரண்டும் இருக்கிற மிருகம் இல்லை.

"சைபரையும் வெச்சுப் பாக்கலாமே. பாவம், ஓரமா கெடக்கட்டும்" என்று நான்தான் அந்தக் கூட்டுப்புழுவை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தங்கச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுட வைத்த எண்ணெய் விட்டாலும் கேட்காத அந்தப் பார்வை. பிறகு புழுவை எடுத்து, வரிசையைப் பிரித்து, நடுவில் வைத்தாள். எலி, நத்தை, புழு. அந்தப் பக்கம் ஒரு மீசைத் தவளை, ஒரு மின்மினி. புழுவின் இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் மஞ்சள். நத்தையோடு சேர்ந்த இடத்தில் பதினொன்று வந்தது. தவளையோடு சேர்ந்த இடத்தில் பன்னிரண்டு. தவளைக்கும் மின்மினிக்கும் நடுவில் இன்னொரு ஒன்பது. நான் விரல் விட்டுக் கூட்டினேன். மறுபடி கூட்டினேன்.

"அம்பதுடி!"

ஐந்து மிருகங்களின் சொந்த எடையைக் கூட்டினால் ஒன்பதுதான். அதில் ஒன்று வெறும் சைபர். ஆனால் ஐம்பது! அந்த மழையில், அந்தக் கறைத் தரையில், என் சின்னத் தங்கச்சி எனக்கு மலை மாதிரித் தெரிந்தாள். நான் கதவைத் திருப்பக் கையை நீட்டினேன்.

"என்ன வெளையாட்டு அம்மிணி இது?"

தலைக்கு மேலே குரல். புது சூப்பர்வைசர், சொட்டச் சொட்டக் குடையோடு. மழைக்கு ஒதுங்கியிருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. மடுவத்துக்குள் பிள்ளைகள் வரக் கூடாது என்று சட்டம்.

அவர் குடையை மடக்கிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சொல்லு கண்ணு, பயப்படாத."

பேசாத தங்கச்சி பேசினாள். இது எடை, இது கதவு, இது பக்கத்தில் இருந்தால் இது கூடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு புழுவை விரலால் தட்டினார்.

"இதுல ஒண்ணுமே இல்லியே, சைபர். இதை எதுக்கு நடுவுல வெச்ச? அந்தா, அங்க நாலு போட்ட ஆமை கெடக்குது பாரு." அவரே புழுவை எடுத்துவிட்டு ஆமையை வைத்தார். நீலமும் மஞ்சளும் பாதியாகவே நின்றன. "அட! கொறைஞ்சு போச்சே" என்றார் தனக்குத்தானே. புழுவை ஓரத்தில் வைத்துப் பார்த்தார். அப்போதும் இல்லை.

"ஓரத்துல வெச்சா அதுக்கு ஒரு பக்கம்தான ஆள் இருக்கும்" என்றாள் தங்கச்சி. "அதுக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும்."

அவர் புழுவை எடுத்து நடுவில், அது இருந்த இடத்திலேயே வைத்தார். ஓரங்களை விரலால் தள்ளிச் சரியாகச் சேர்த்தார். கூரையில் மழை பலத்தது.

"நீ யாரு புள்ள அம்மிணி?"

"ஓர நிரையில எடுப்பாங்களே, இழுப்புக்காரங்க. அவங்க மக."

"ம்" என்றார். எழுந்தார், குடையை விரித்தார், மஞ்சுக்குள் போய்விட்டார்.

"ஏண்டி சொன்ன? இனிமே சித்தியத்தான மொத ஆளாப் பாப்பாரு!" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. கதவுச் சீட்டைத் திருப்பாமலே எடுத்துப் பாவாடை மடிப்பில் சொருகிக்கொண்டாள். "திருப்புடி, அம்பது வந்துருச்சுல்ல" என்று கெஞ்சினேன்.

"இப்ப வேணாம்க்கா. அம்மாவுக்கு முழுப் பேரு விழுற அன்னிக்குத் திருப்பலாம்."

மறுநாள் வேலை இருந்தது. பள்ளிக்கூடம் லீவு. விடிந்தும் விடியாமலும், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பெண்கள் கூடையும் தலைச்சாக்குமாக நின்றார்கள். வாயைத் திறந்தால் புகை. நானும் தங்கச்சியும் லயத்துத் திண்டில் போர்வைக்குள் ஒண்டிக்கொண்டு பார்த்தோம். வழக்கமாக அவரவர் போய் அவரவர் நிரையில் நிற்பார்கள். அன்றைக்குச் சூப்பர்வைசர் கையை உயர்த்தினார்.

"நில்லுங்க, நில்லுங்க. இன்னிக்கிருந்து நிரை மாத்தம். நான் சொல்ற எடத்துல நின்னாப் போதுமுங்க."

ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அனுப்பினார். என் அம்மாவைப் பாதையோர நிரைக்குப் போகச் சொன்னார். சித்தியை மலைக்கு நடுவில், எட்டாவது நிரைக்கு. சித்திக்கு ஒரு பக்கம் மேல் லயத்துப் பெரியவளும், மறுபக்கம் அவள் நாத்தனாரும். தோட்டத்திலேயே புயல் கை அந்த இரண்டும்தான். குழாயடிச் சண்டையிலிருந்து எங்கள் கீழ் லயத்தோடு அவர்களுக்குப் பேச்சே கிடையாது. ஒரு வருஷமாகச் சித்தியின் நிழலைக்கூட மிதிக்காதவர்கள்.

களமே கொந்தளித்தது. "அக்கா தங்கச்சியப் பிரிச்சிட்டாரே, இவரு வெளங்குவாரா?" என்று ஒருத்தி வாய்விட்டே கேட்டாள். "அய்யா, அவளுக்கு மேட்டுல ஏற ஏலாதுங்கய்யா" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "மெதுவாவே ஏறட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சித்தி தலைச்சாக்கால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடு ஏறினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லை எடுத்து அவர் குல்லாயில் எறியலாமா என்று யோசித்தேன்.

போர்வைக்குள் தங்கச்சி என் கையைப் பிடித்தாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது.

"அக்கா, சைபர நடுவுல வெச்சிட்டாரு."

எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. பிறகு மலையைப் பார்த்தேன். மஞ்சு விலகி, பச்சை வரிசைகளில் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சீட்டு வைத்தாற்போல் போய் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று முழுக்க நாங்கள் சோறு கேட்கவில்லை. பாதைக்கல்லில் உட்கார்ந்து எட்டாவது நிரையையே பார்த்தோம். மேல் லயத்துப் பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எடுத்தாள். நாத்தனாரும் அப்படியே. உச்சி வேளைக்கு முன்னாலேயே இரண்டு பேரும் தங்கள் நிரையை முடித்துவிட்டார்கள். அடேயப்பா, அது கையா மெசினா! பிறகு என்ன செய்வார்கள்? முறை என்று ஒன்று இருக்கிறதே. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே இரண்டு பேரும் சித்தியின் நிரைக்கு மறுமுனையிலிருந்து, செடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தியும் இந்தப் பக்கம் ஒருத்தியுமாக எடுத்துக்கொண்டு வந்தார்கள். சித்தி கீழேயிருந்து மெதுவாக மூச்சு வாங்கி வாங்கி ஏறினாள். மூன்று பேரும் நிரையின் நடுவில் எதிரும் புதிருமாகச் சந்தித்தார்கள். பெரியவள் வாயைத் திறக்காமல் தன் மடியிலிருந்த கொழுந்தைச் சித்தியின் கூடையில் கவிழ்த்தாள். நாத்தனாரும் கவிழ்த்தாள். சித்தி ஏதோ சொன்னாள். அது எங்களுக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் மடுவத்தில் தராசு கொக்கியில் சித்தியின் கூடை தொங்கியது. முள் ஆடி நின்றது. சூப்பர்வைசர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "முழுப் பேரு" என்றார், "அடுத்த ஆளு" என்றார், அவ்வளவுதான். எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்த மாதத்தின் மிச்ச நாளெல்லாம் சித்திக்கு முழுப் பேரே விழுந்தது. பேர் வெட்டு நடந்தபோது அந்தப் பட்டியலில் சித்தி இல்லை. டிரங்குப் பெட்டி திரும்ப அட்டாலிக்குப் போனது.

அவரை நாம் கடைசிவரை திட்டிக்கொண்டேதான் இருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அவர் பெயரைச் சொல்லி ஒரு நாயைக்கூடக் கூப்பிட்டோம். மாற்றலாகிப் போன அன்று யாரும் வழியனுப்பவில்லை. நானும் தங்கச்சியும் மட்டும் ஜீப் போகிற வளைவில் நின்றோம். அவர் பார்த்தாரா தெரியாது. பெட்டியும் மிருகங்களும் பிறகு நாங்கள் வீடு மாறின ஏதோ ஒரு மழையில் ஊறிப் போயின. தங்கச்சி இன்று கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு முறை போட்டுக் கொடுக்கிற இடத்தில் இருக்கிறாள். புதிதாக வந்த, கை நடுங்குகிற பெண்ணை அவள் எந்த வார்டில், யார் யாருக்கு நடுவில் போடுவாள் என்று நான் கேட்டதே இல்லை. கேட்க வேண்டியதில்லை.

சரி, கடைசிக் கதவு. நீங்கள் காத்துக்கொண்டிருப்பது அதற்குத்தான்.

அந்த முதல் முழுப் பேர் விழுந்த சாயங்காலம், சித்தி வீட்டு வாசலில், வெளிச்சம் போவதற்கு முன்னால், தங்கச்சி ஐந்து மிருகங்களையும் ஓரம் சேர வைத்தாள். கதவைத் திருப்பினாள்.

தங்கமில்லை, கடலில்லை, மிதக்கிற ஊர் இல்லை. ஒரு மலைச்சரிவு, அதில் ஒரு ஒற்றையடிப் பாதை. பாதையில் எலி, நத்தை, புழு, தவளை, மின்மினி. நாங்கள் வைத்த அதே ஐந்து பேர், அதே வரிசையில்! கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தர், நம்மைப் பார்க்காமலே, பெரிய மிருகங்கள் எரிந்து போகும் என்று தெரியாமலே, இந்த ஐந்தைத்தான் நினைத்து வரைந்திருக்கிறார். நடுவில் கூட்டுப்புழு எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்தேன். சிறகு முளைத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அது மாறவே இல்லை. அதே கூட்டுக்குள், அதே மாதிரி சுருண்டு தூங்கிக்கொண்டுதான் இருந்தது. மற்ற நாலும் அதை ஒரு இலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தன.

அம்மா வந்துவிட்டாள். மறைக்க நேரமில்லை. தங்கச்சி மறைக்கவும் இல்லை. அம்மா சீட்டை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள், சித்தியிடம் நீட்டினாள். சித்தி கொழுந்துக் கறை படிந்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இழுப்பு வந்து, அம்மா முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

"இங்க பாருக்கா, இந்தப் புழுவ!" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "நாலு பேரு தூக்கிட்டுப் போறாங்க, இதுக்கு ஒண்ணுமே தெரியல. குடுத்து வெச்ச சீவன்!"

நானும் தங்கச்சியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு எட்டாவது நிரைக்குக் கொஞ்சம் நேரத்தோடு கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுப்பு மூட்ட உள்ளே போனாள்.